சார்ஜ் ஒப்படைக்காத டாக்டரம்மா

ஆண்பிள்ளை வைத்தியம் பார்க்க நோயாளி சம்மதித்தால் போதும். பெண்பிள்ளை வைத்தியம் பார்க்க நோயாளியின் புருஷன், மாமனார், கூட வேலை பார்க்கிற டாக்டர், ஆஸ்பத்திரிக் கமிட்டி என்று ஒரு ஊரே சம்மதிக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலோ தந்தி ஆபீஸிலோ ஆஸ்பத்திரியிலோ வேலைக்குப் போய் என்னைப் போல நொந்து நூலான சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. என் விஷயத்தில் இன்னும் ஒருவருடைய சம்மதமும் தேவைப்பட்டது. அவர் நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருஷமே இறந்துபோயிருந்தார்.

முப்பதுகளின் நடுவில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேடி டாக்டராக இருந்தேன். ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். அங்கே நடந்ததில் சிலவற்றைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கே இன்னும் முடிவாகவில்லை.

ஆணியில் ஒரு கோட்டு

நான் போய்ச் சேர்ந்தது ஆனி மாதம், சாரல் பிடித்துக்கொண்ட சமயம். குற்றாலச் சாரலை மழை என்றும் சொல்ல முடியாது, மழை இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்தியானம் விளக்கேற்ற வேண்டியிருக்கும். மேகம் இறங்கி வந்து மலையை மறைத்துவிட்டு, ஜன்னல் வழியாக உள்ளேயும் எட்டிப் பார்க்கும். பெரிய டாக்டர் என்னை உட்காரச் சொல்லாமலே பேசினார். அவரும் நானும் படித்தது ஒரே எல்.எம்.பி. படிப்புத்தான். பெரிய டாக்டர் என்பதில் பெரிய என்றால் ஆண் என்று அர்த்தம், அவ்வளவுதான். மாறிப் போகிறவர் புதிதாக வருகிறவரிடம் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டி சார்ஜ் ஒப்படைப்பது எந்த ஆபீஸிலும் வழக்கம். "எனக்கு யார் சார் சார்ஜ் ஒப்படைப்பது?" என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஆயாவைக் கேட்டுக்கிடுங்க" என்றார்.

பெண்கள் வார்டு பின்கட்டில் இருந்தது. அதற்கு முன்னால் எனக்கென்று ஒரு சின்ன அறை: மேஜை, நாற்காலி, வார்டுக்குள் போகிற வாசலில் ஒரு திரை, சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு வெள்ளைக் கோட்டு தொங்கியது. யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து எடுக்கக் கை வைத்தேன். சொதசொதவென்று நனைந்திருந்தது. யாரோ அப்போதுதான் மழையில் வந்து கழற்றி மாட்டின மாதிரி தரையில் தண்ணீர் சொட்டியிருந்தது. ஆயா பேச்சி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு முந்தி இருந்த கிரேஸம்மா கோட்டு என்றாள். அவர் எங்கே என்று கேட்டேன். போன வருஷம் செத்துப்போய்விட்டார் என்றாள். செத்துப்போனவர் கோட்டை எதற்கு மாட்டி வைத்திருக்கிறாய் என்று எரிச்சலோடு கேட்டதற்குப் பேச்சி சொன்னாள்:

"அதை எடுக்காதீங்கம்மா. அவுக இன்னும் சார்ஜ் ஒப்படைக்கலல்லா."

திரைக்குள் வந்த கை

அந்த ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரி, பிள்ளையின் தலையைப் பிடித்து இழுக்கிற இடுக்கி மாதிரிப் பிரசவ ஆயுதம் எல்லாம் என் அறையில் ஒரு தேக்கு அலமாரியில்தான் இருந்தன. சாவி மட்டும் பெரிய டாக்டர் இடுப்பில். சுகப் பிரசவமென்றால் லேடி டாக்டர் பார்க்கலாம். ஆயுதம் எடுக்க வேண்டுமென்றால் பெரிய டாக்டர்தான் எடுக்க வேண்டும். அதுதான் ரூல். அவரையோ எந்த வீட்டுக்காரரும் பெண்கள் வார்டுக்குள் விட மாட்டார்கள். கத்தி பிடிக்கலாம் என்றிருந்தவருக்கு உள்ளே வர அனுமதியில்லை, உள்ளே இருந்த எனக்குக் கத்தி பிடிக்க அனுமதியில்லை. நடுவில் கிடப்பவள் பாடு அவள் பாடு. சாவி கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய பண்ணை வீட்டுப் பெண் வந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, மார்பில் பால் கட்டிச் சீழ் வைத்திருந்தது. ஒரு கீறு கீறிவிட்டால் தீர்ந்தது. பெரிய டாக்டர் கத்தியோடு வந்தார். புருஷன் திரைக்கு முன்னால் நின்று மறித்தான். ரொம்ப நேர வாக்குவாதத்துக்குப் பிறகு அந்த மகானே ஒரு வழி சொன்னான்: "டாக்டர் ஐயா உள்ள வர வேண்டாம். கையை மட்டும் உள்ள விடட்டும்." சிரிக்காதீர்கள். அப்படித்தான் நடந்தது. திரையின் ஓரமாகக் கத்தி பிடித்த ஒரு கை உள்ளே வந்தது. நான் வலது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போய் இடத்தில் வைத்து, இடது கையில் கிண்ணத்தை ஏந்திக்கொண்டேன். அவர் கை நடுங்கியது. பிறகு திடீரென்று நடுக்கம் நின்று, நான் நினைத்த ஆழத்துக்கு, நான் நினைத்த நீளத்துக்கு, அழகாகக் கீறியது. நான் அப்படி அமுக்கவே இல்லை.

அந்தப் பெண் பிழைத்தாள். பெரிய டாக்டர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாராட்டலாமே என்று போனேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"மணிக்கட்டைப் பிடிச்சது உங்க கை, சூடா இருந்தது. அதுக்கு மேல சில்லுன்னு இன்னொரு கை வச்சு அமுக்கினது யாரு?"

குழாய் வைக்காத டாக்டர்

வீரகேரளம்புதூரிலிருந்து தலைப்பிரசவத்துக்கு ஒரு பெண்ணை அவள் தாயார் கூட்டிவந்திருந்தாள். நான் கையால் தடவிப் பார்த்தேன், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டேன். ஒரு பிள்ளை, நல்ல துடிப்பு. கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது அந்தப் பெண், "நீங்க ஏன் குழாய் வைக்கீங்க? காலையில வந்த டாக்டரம்மா காதையேல்லா வச்சுக் கேட்டாவ" என்றாள். இங்கே வேறு டாக்டரம்மா கிடையாது என்றேன். அவள் விடவில்லை. ஒல்லியாக, உயரமாக, தலையெல்லாம் ஈரமாக ஒருத்தர் வந்தாராம். வயிற்றில் காது வைத்தபோது பனிக்கட்டி வைத்த மாதிரி இருந்ததாம். ஓர் இடத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, நகர்ந்து இன்னோர் இடத்தில் வைத்தும் கேட்டாராம்.

காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்துக் கை பார்த்தேன்; காய்ச்சல் இல்லை. மறுநாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வேலை முடிந்தது என்று கை கழுவப் போன என்னைப் பேச்சி கூப்பிட்டாள். உள்ளே இன்னொன்று இருந்தது. ரெட்டைப் பிள்ளை என்று கண்டுபிடிக்காமல் விட்டதற்கு எனக்கு வெட்கமாகவும், இன்னொருத்தர் கண்டுபிடித்திருந்ததற்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அந்தத் தாயார் என் வெட்கத்தை மிச்சம் வைக்கவில்லை:

"ரெண்டுன்னு அந்த அம்மா நேத்தே சொல்லிட்டாவ. நீங்க இப்பத்தான பாக்கீங்க?"

கடைசிக் கட்டில்

அன்றைக்கு மத்தியானம் பேச்சியைப் பிடித்து உட்கார வைத்தேன். குழந்தையின் துடிப்பைக் கேட்க ஒரு மரக்குழல் உண்டு. அதுவும் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்ததால் கிரேஸம்மா வயிற்றில் காதை வைத்தே கேட்டுப் பழகிவிட்டாராம். கெட்டிக்காரி. அவருக்கே மாசம் நிறைந்து, இந்த வார்டிலேயே, ஜன்னலோரக் கடைசிக் கட்டிலில் படுத்தார். பிள்ளை தலை இறங்கி மாட்டிக்கொண்டது. ஆயுதம் போட்டு எடுக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. எந்த ஆயுதம், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பேச்சிக்குச் சொல்லிக்கூடக் கொடுத்திருக்கிறார். அலமாரி கட்டிலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. சாவி மட்டும் ஐந்தருவியில் இருந்தது. பெரிய டாக்டர் யாரோ ஓர் அதிகாரி குடும்பத்தை அருவிக்குக் கூட்டிப் போயிருந்தார். ஆள் ஓடிற்று. பேச்சி அலமாரியை அரிவாளால் கொத்திப் பார்த்தாள். அந்த வடு கதவில் அப்படியே இருந்தது. அதற்கு முன்பே நான் பார்த்து, எலி கடித்தது என்று நினைத்திருந்தேன்.

"சாவி வந்தாச்சா பேச்சி, சாவி வந்தாச்சா பேச்சின்னு அதையே கேட்டுக்கிட்டு இருந்தாவம்மா" என்றாள். பெரிய டாக்டர் சாரலில் நனைந்துகொண்டு ஓடி வந்து சேர்ந்தபோது கேட்கிற குரல் நின்றுவிட்டது. தாயும் போய்விட்டார், பிள்ளையும் போய்விட்டது. எனக்கு அழுகை வரவில்லை. அந்த அலமாரியை அப்படியே தூக்கிக் கிணற்றில் போட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அடுத்து அந்தக் கட்டிலில் ஒருத்தி அப்படிக் கிடந்தால் நானும் இதே வார்டில் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்கப்போகிறேன் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. அந்தப் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சி செத்தால் வழியில் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். போகிறவர் வருகிறவர் அதில் தலைச்சுமையை இறக்கி வைத்தால், செத்தவளின் வயிற்றுச் சுமையும் இறங்கும் என்று நம்பிக்கை. கிரேஸம்மாளுக்கு யாராவது அப்படி நட்டார்களா என்று கேட்டேன். பேச்சி ஆணியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"கல்லு நட ஆளு ஏதும்மா? அதாம் கோட்டை மாட்டி வச்சேன். அவுக வந்து போக ஓரிடம் வேணும்லா."

ஐந்தருவிப் பாக்குவெட்டி

குளிக்க வந்த இடத்தில் பிரசவமாவது சீஸனில் புதிசில்லை. ஆடிப் பிறப்பன்று ஐந்தருவியிலிருந்து ஆள் வந்தது; வில்வண்டியில் பேச்சியும் நானும் போனோம். வெளியூர்ப் பெண், பாறையில் வழுக்கி விழுந்து வலி கண்டிருந்தது. ஒரு கடைக்காரர் படுதாவை அவிழ்த்து மறைப்புக் கட்டிக் கொடுத்தார். பிள்ளை பிறந்தது, அழவில்லை. தாயைப் பேச்சியிடம் விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே அருவித் தூவானத்தில் நடந்தேன். மேகம் தரைவரைக்கும் இறங்கி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வெள்ளைச் சேலை, நனைந்த தலை, கையில் பச்சைப் பிள்ளை. என் கோலத்தை நானே கண்ணாடியில் பார்த்திருந்தால் ஓடியிருப்பேன். பிள்ளை வீலென்று அழுதது. அதே நேரம் என் காலடியில் ணங்கென்று ஓர் இரும்புப் பாக்குவெட்டி வந்து விழுந்தது.

பேய்க்கு இரும்பு ஆகாதல்லவா? போட்டவர் முறுக்கு மீசை வைத்த பெரியவர். கடையத்துக்காரர், மெசபடோமியா யுத்தத்துக்கெல்லாம் போய்வந்த சுபேதார் என்று கடைக்காரர் ஓடிவந்து சொன்னார். பீரங்கிக்குப் பயப்படாதவர் பெண் டாக்டருக்குப் பயப்படுகிறாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தனியாக ஒரு பெண் பிள்ளையோடு நடந்தால் அவள் பேயாகத்தான் இருக்க வேண்டுமா? லேடி டாக்டரைப் பார்த்ததே இல்லையா?" என்று அருவிச் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். அவர் தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பதில் சொன்னார்:

"உங்களை டாக்டரம்மான்னு தெரியும் தாயி. இரும்பை உங்களுக்குப் போடல. உங்க பின்னாலயே நடந்து வந்தாவளே, அவுகளுக்குப் போட்டேன்."

ரூல்

அதே சுபேதார் ஆடிக் கடைசியில் தன் மகள் வேலம்மாளை வில்வண்டியில் வைத்துக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "உங்களை நம்பி மட்டும் கூட்டிவரல" என்று சொல்லிவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வார்டில் காலியாக இருந்தது கடைசிக் கட்டில் ஒன்றுதான். வலி கண்டு ரொம்ப நேரமாகியும் பிள்ளை வரவில்லை. தலை இறங்கி மாட்டிக்கொண்டது. குழந்தையின் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. ஆயுதம் போட்டால் இரண்டு உயிர், போடாவிட்டால் ஒன்றும் இல்லை.

பெரிய டாக்டர் இந்தத் தடவை ஊரில்தான் இருந்தார். என் அறைவரைக்கும் வந்தார். "சாவியைக் கொடுங்கள்" என்றேன். "ரூல் இல்லை, நானே பாக்கேன்" என்றார். சுபேதார் திரைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். ஆண்பிள்ளை உள்ளே கால் வைத்தால் கொலை விழும் என்றார். கையை மட்டும் உள்ளே விடுகிற வேலை இதற்கு உதவாது. கண் பார்க்காமல் ஆயுதம் போட முடியாது. நான் கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு பேரையும் பாவிகளா என்றேன். ஒருவர் ரூலைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒருவர் மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே முனகல் அடங்கிவிட்டது. அந்த அமைதியில் வேலம்மாளுடைய குரல் தெளிவாக, பக்கத்தில் நிற்கிற யாருக்கோ பதில் சொல்ல முடியாமல் எங்களைக் கூப்பிடுகிற மாதிரி கேட்டது: "சாவி வந்தாச்சான்னு இந்த அம்மா கேட்டுக்கிட்டே இருக்காவ. யாராவது சொல்லுங்களேன்."

வேலம்மாளுக்கு அந்தக் கதை தெரியாது. பேச்சி கையிலிருந்த வெந்நீர்ப் பாத்திரம் கீழே விழுந்தது. பெரிய டாக்டர் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். நான் கையை நீட்டினேன். என் கையைத் தாண்டிப் போய், ஆணியில் தொங்கிய கோட்டின் பைக்குள் சாவியைப் போட்டார். வெளியே எடுத்த கை மணிக்கட்டுவரை நனைந்திருந்தது. அந்த நிலையிலும் மனுஷன் ரூலை விடவில்லை.

"உங்ககிட்ட கொடுக்க ரூல் இல்லை. அவங்ககிட்ட கொடுத்துட்டேன், நீங்க அவங்ககிட்ட வாங்கிக்கிடுங்க."

இன்ஸ்பெக்ஷன்

வாங்கிக்கொண்டேன். யாரிடம் வாங்குகிறோம் என்று யோசிக்க நேரமில்லை. பேச்சி குளோரோபாரம் சொட்டுச் சொட்டாக விட, கிரேஸம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஆயுதத்தை எடுத்து நானே போட்டேன். என் கை நடுங்கவில்லை. என் கைமேல் வேறு கை இருந்ததா என்று கேட்பீர்கள். ஜன்னல் திறந்திருந்தது, குளிராகத்தான் இருந்தது, அதற்குமேல் எனக்குத் தெரியாது. பிள்ளை நீலமாக வந்து, சிவப்பாக மாறி, வார்டே அதிர அழுதது. தாயும் பிழைத்தாள். சுபேதார் என்னைக் கும்பிட்டார். பிறகு கோட்டை என்னைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கும்பிட்டார். அன்றிலிருந்து சாரலிலும் அந்தக் கோட்டு நனைந்து நான் பார்க்கவில்லை.

பெரிய டாக்டர் சாவியைத் திரும்பக் கேட்கவில்லை. வேண்டும்போது பையிலிருந்து எடுப்பேன், வேலை முடிந்ததும் பையிலேயே போடுவேன். நான் அங்கே இருந்தவரைக்கும் ஆயுதத்துக்காகக் காத்திருந்து அந்த வார்டில் ஒருத்தியும் சாகவில்லை. அடுத்த சீஸனில் ஜில்லாவிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். அலமாரியைத் தட்டிப் பார்த்து, இதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். பெரிய டாக்டர் கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னார். அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு பெண்ணை நம்பிச் சாவியைக் கொடுத்திருக்கிறீர்களே, ரொம்ப முற்போக்கு என்று அவரைப் புகழ்ந்தார். பெரிய டாக்டர் அந்தப் பதிலை ஆணியைப் பார்த்துச் சொன்னதை நானும் பேச்சியும் மட்டும்தான் கவனித்தோம்.

"லேடி டாக்டர்கிட்டத்தான் சார் இருக்கு."

உயிரோடு கேட்ட கிரேஸம்மாளுக்குக் கொடுக்காத சாவியைச் செத்த கிரேஸம்மாளிடம் கொடுத்தார்கள், சகோதரிகளே. உயிரோடு இருந்த நான் மாற்றலாகிப் போகும்வரை அவருக்கு உதவி டாக்டராகத்தான் வேலை பார்த்தேன்.